இருந்த மருந்தை இல்லை என்றேன்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு என் பார்மசிக்கு ஒருவன் வந்தான். நிஸார் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்று, போன மாதம்தான் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து ஊருக்குத் திரும்பியவன்.

"நானா, மகளுக்குக் காய்ச்சல். பாணி ஒரு போத்தல் தாங்க."

குழந்தைகளுக்குக் கொடுக்கும் சாதாரண சிரப் மருந்து. அதில் போதை எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் ஆளைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது.

"முடிஞ்சிட்டு தம்பி."

எனக்குப் பின்னால் இருந்த அலுமாரியை ஒருமுறை பார்த்தான். "சரி நானா" என்று போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி வந்தாள். தோளில் பிள்ளை சுருண்டு கிடந்தது.

"அவருக்கு இல்லண்டீங்களாம். எனக்கு இரிக்கா நானா?"

எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இத்தனைக்கும், சிகிச்சை முடித்து வருகிறவர்களுக்கு உதவப் பள்ளிவாசலில் அமைத்த குழுவில் நானும் ஒருவன். அவன் ஊர் வந்த அன்று முதலில் கட்டிப்பிடித்ததும் நான்தான்.

நிஸார் வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். இறங்கிப் போய், "மன்னிச்சிக்க தம்பி" என்றேன்.

"தர ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லுங்க நானா, கோவிக்க மாட்டன். நிலையத்துல எங்கள மொதல்ல உடச் சொன்னதே பொய் சொல்ற பழக்கத்தத்தான்."

அதை விடுவதற்கு நான் எங்கே போய்ப் பெயர் பதிய வேண்டும்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.