சாமித்தட்டில் இருக்கும் யப்பான் சொற்கள்

எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவே ஓர் அட்டைத் துண்டு சாய்ந்து நிற்கிறது. பழைய கலியாணக் கார்ட்டைப் பாதியாகக் கிழித்தது. அதன் பின்பக்கத்தில் என் கணவரின் கையெழுத்தில் மூன்று வரிகள்: சுமிமசேன். ஷஷின் ஓ தொத்தேமோ ஈ தெஸ் கா. அரிகாதோ கோசைமாஸ். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழும் எழுதியிருக்கிறார்: மன்னியுங்கோ, படம் எடுக்கலாமோ, மெத்தப் பெரிய உபகாரம். திருநீறு பட்டுப் பட்டு எழுத்து மங்கிவிட்டது.

இவர் கிழமை நாட்களில் ஓர் இத்தாலியச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்தார். ஞாயிறென்றால் பலெர்மோத் தமிழரின் கலியாணங்களுக்கும் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்திய வீடுகளுக்கும் கமெராவோடு போய்விடுவார். பெண்ணின் நாடியைப் பிடித்துத் தூக்குவார், தோளைத் திருப்புவார், நெற்றிச்சுட்டியை நேராக்குவார், பிறகுதான் எடுப்பார். அவருக்குக் கமெரா பழக்கியவரும் அப்படித்தான் எடுத்தாராம். எங்களில் ஒருவரும் அதைக் குறையாக நினைத்ததில்லை.

மகளுக்குப் பதினாறு வயதாக இருந்தபோது, யப்பான் சித்திரக்கதை ஆட்களைப் போல உடுத்துக்கொண்டு பிள்ளைகள் கூடும் விழா இங்கே இரண்டு நாள் நடந்தது. மகளின் நீலச் சட்டையை நானே தைத்தேன். துணைக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கே வெள்ளிநிற முடியும் காகிதச் சிறகுமாக ஒரு பெண் நின்றாள். பலெர்மோவில் படிக்க வந்த யப்பான் பிள்ளை அவள். இவர் பழக்க தோஷத்தில் நேரே போய் அவள் நாடியைத் தொட்டுத் தூக்கினார். அவள் திடுக்கிட்டுப் பின்னால் போக, சிறகு சுவரில் நசுங்கியது. அந்த முகத்தில் வந்த பயத்தை நான் கண்டேன். இவரும் கண்டார்.

"அப்பா, தொடாதேங்கோ! இஞ்சை கேட்டுட்டுத்தான் எடுக்கோணும்," என்று மகள் அழுதாள். "நாளைக்கு நீங்கள் வரவேண்டாம்."

வீட்டுக்கு வந்ததும், "பிள்ளை, அவளின்ர பாசையில எப்பிடிக் கேக்கிறது?" என்றார். மகள் அவரைப் பார்க்காமலே போனில் தேடி வாசித்தாள். கையில் அகப்பட்ட கார்ட்டில் இவர் எழுதினார். காலையில் குளித்து, திருநீறு பூசி, தேவாரம் பாடிய கையோடு சாமிக்கு முன்னால் நின்று அந்த மூன்று வரியையும் சொல்லிப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதையும். மன்னிப்புக் கேக்கப் போற ஆள் தடக்குப்படக் கூடாது," என்றார். அதைக் கேட்ட பிறகுதான் மகள், "சரி, வாங்கோ. ஆனா தூர நிண்டு கேளுங்கோ," என்றாள்.

விழாவில் அந்தச் சிறகுப் பெண்ணைக் கண்டதும் இவர் தூரத்தான் நின்றார். கமெராவை நெஞ்சோடு அணைத்துக் குனிந்து, மூன்று வரியில் முதல் இரண்டையும் சொன்னார். அந்தப் பிள்ளை வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு தன் நாடியைத் தானே தூக்கிக்கொண்டு நின்றாள். எடுத்து முடித்து மூன்றாவது வரியையும் சொன்னார். மகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சில மாதம் கழித்து என் தம்பியின் மகளுக்குச் சாமத்திய வீடு. மண்டபம் நிறைந்த சனம். பெரிய சேலையும் பூச்சும் நகையுமாகப் பிள்ளையை மணவறையில் இருத்தியிருந்தார்கள். இவர் கமெராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, படம் எடுக்கலாமோ?" என்று கேட்டார்.

அவள் கண் நிறைய நீரோடு, "வேண்டாம் மாமா," என்றாள்.

"சின்னப்பிள்ளையிட்ட என்ன கேள்வி அத்தான்? எடுங்கோ!" என்று தம்பி கத்தினான்.

"அவள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாள், தம்பி."

"கமெராக்காரர் யப்பானுக்குப் போய் வந்தவரோ?" என்று, விழாக் கதையைக் கேள்விப்பட்டிருந்த யாரோ பின்னாலிருந்து நக்கலடிக்க, சனம் சிரித்தது. எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. பிறந்த வீட்டுச் சபை. இனி இவரை ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன். இவர் மூடியைப் போட்டு, கமெராவைக் கதிரையில் வைத்துவிட்டு, பக்கத்தில் தானும் இருந்தார். ஆலத்தி நடந்தது. ஒரு படமும் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு பிள்ளை உள்ளே போய் முகத்தைக் கழுவி, சாதாரணச் சட்டையோடு வந்தாள். "மாமா, இப்ப எடுங்கோ," என்றாள். எடுத்தது ஒரே படம். நெற்றி ஓரத்து முடியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, வாய் நிறையச் சிரிப்பு. தம்பி நான்கு மாதம் எங்களோடு கதைக்கவில்லை. இன்று அவன் வீட்டு விறாந்தையில் பெரிதாகத் தொங்குவது அந்தப் படம்தான்.

அதற்குப் பிறகு சிலர் இவரைக் கூப்பிடுவதை விட்டார்கள். கூப்பிட்டவர்களின் பெண்பிள்ளைகள் இவரைக் கண்டால் ஒளியாமல் ஓடி வந்தார்கள். கமெராப் பையில் இருந்த அட்டையைக் காட்டி, அந்த யப்பான் வரிகளை அவர்களுக்கும் தம்பியின் மகளுக்கும் சொல்லிக் கொடுப்பார். எனக்கு அது போதும்.

போன வருடம் இவர் சிவபதம் அடைந்தார். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வீடு நிறைய ஆட்கள். மாலை போட்ட இவர் படத்தை வந்தவர்களெல்லாம் போனில் எடுத்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பியின் மகள் மட்டும், இப்போது என்னைவிட உயரம், போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மாமி, மாமாவை ஒரு படம் எடுக்கலாமோ?"

ஓம் என்று தலையாட்டினேன். அவள் இவர் படத்துக்கு முன்னால் குனிந்து, மெல்ல அந்த மூன்று வரியையும் சொன்னாள். அன்று மாலை விளக்கேற்றும்போதுதான் அந்த அட்டையை இவருடைய கமெராப் பையிலிருந்து எடுத்துச் சாமித்தட்டில் வைத்தேன்.