தட்டிலிருந்து எடுத்த மிளகாய்

கதிர்வேலுக்குப் பெண் பார்க்கத் தொடங்கிய வருஷம் கோழிப்பண்ணை வாசலில் நட்ட தென்னங்கன்று காய்ப்புக்கு வந்துவிட்டது. பெண்தான் அமையவில்லை. ஆளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாமக்கல்லுக்கு மேற்கே தோட்டம், வற்றாத கிணறு, நீளநீளமாக முட்டைக்கோழிக் கொட்டகைகள். கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன், அப்பா இறந்ததும் அதை விட்டுவிட்டு வந்து பண்ணையைக் கையில் எடுத்துக்கொண்டான். அதுதான் கல்யாணச் சந்தையில் அவனுக்கு வினையாகிப் போனது. "பையன் எந்தக் கம்பெனிங்க?" என்று ஆரம்பிப்பார்கள். கோழிப்பண்ணை என்றதும் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரு வீட்டில், "அந்த நாத்தத்துல எங்க புள்ள எப்படீங்க இருக்கும்?" என்று நேராகவே கேட்டார்கள். அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் ரெண்டு தரம் குளிப்பான். சட்டைக்குள்ளே சென்ட் அடித்துக்கொள்வான்.

முப்பத்தாறு வயதில், அவனுடைய அத்தை மாரக்காள் சங்ககிரியிலிருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்தாள். பெண்ணின் அப்பா தனபால் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பெண் சௌந்தர்யா பிசியோதெரபி படித்துவிட்டு, சேலத்தில் ஆஸ்டலில் தங்கி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஜாதகம் பொருந்திவிட்டது. வீட்டுக்கு வந்து பார்ப்பதற்கு முன்னால் பிள்ளைகள் இரண்டும் ஒரு தடவை உட்கார்ந்து பேசட்டும் என்று தனபாலே சொல்லிவிட்டார். இடத்தைப் பெண்தான் சொன்னாள். சேலத்தில் புதிதாகத் திறந்திருந்த ஒரு தாய் உணவகம்.

"தாய் ஓட்டலா? அங்க ஆரோட தாயி சமைக்கறா?" என்று கேட்டாள் கதிர்வேலின் அம்மா முத்தாயம்மாள்.

"தாய்லாந்துங்கம்மா. அந்த நாட்டுச் சாப்பாடு."

"என்னமோ, பாத்துத் தின்னு சாமி. பாம்பு கீம்பு போட்றப் போறான்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் போனபோது சௌந்தர்யா முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். மாநிறம், கண்ணாடி, கையில் ஒரு கடிகாரம் மட்டும். அவன் உட்கார்ந்ததும் மெனுவை அவன் பக்கமாகத் திருப்பி வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "இதுல எனக்குப் புரியறது சூப்புங்கற வார்த்தை ஒண்ணுதாங்க" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குப் பாதி பயம் போயிற்று.

அவளே சொன்னாள். எறால் போட்ட டாம் யம் சூப், பச்சைப் பப்பாளிக்காய் சாலட், தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் கறியும் சாதமும், ஒரு பேட் தாய் நூடுல்ஸ். "இங்க ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்க மாட்டாங்க. எல்லாத்தையும் நடுவுல வெச்சு, எடுத்துப் போட்டுக்கணும்" என்றாள்.

சூப்பை வாயில் வைத்ததும் அவனுக்கு மூக்கில் நீர் கோத்துக்கொண்டது. "இது சளிக்கு அரைச்சுக் குடுக்கற சித்தரத்தை வாசமுங்க" என்றான். "ஆமாம், அது மாதிரி ஒரு வேருதான்" என்றாள். நூடுல்ஸில் முட்டையும் வறுத்த கடலையும் கிடந்தன. "முட்டை உங்க ஊர்லருந்து வந்ததா இருக்குமா?" என்று அவள் கேட்டபோது அதில் கேலி இல்லை. அவன் கோழிகளைப் பற்றிப் பேசினான். வெயில் காலத்தில் அவை தீனி எடுக்காமல் கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைச் சொன்னான். அவள் தாடைக்குக் கை கொடுத்துக் கேட்டாள். பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் அவனிடம் கோழியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பப்பாளிக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டான். பயத்தங்காய்த் துண்டு என்று நினைத்து ஒன்றைக் கரண்டியில் எடுக்கப் போனபோது, "ஐயோ, அது மிளகாய்! கடிச்சீங்கன்னா அவ்வளவுதான்" என்று சொல்லி, அவள் தன் கரண்டியை நீட்டி அவன் தட்டிலிருந்து அதை எடுத்து ஓரமாகப் போட்டாள். பிறகு, இன்னும் ஏதாவது மறைந்திருக்கிறதா என்று அவன் தட்டையே ஒருமுறை உற்றுப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. கதிர்வேலுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. இந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்துவிட்டான்.

தட்டுகளை எடுத்துக்கொண்டு போனதும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க."

"எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாங்க. மேல படிக்கணும், மெட்ராஸ்ல. அப்பாவுக்குப் போன வருஷம் நெஞ்சுல ஆபரேசன் ஆச்சு. ஏற்கெனவே வந்த ரெண்டு எடத்தை நான் வேண்டாம்னு சொன்னதுக்கு ரெண்டு தடவையும் சோறு திங்காமப் படுத்துக்கிட்டாரு. இந்தத் தடவையும் என் வாயால வேண்டாம்னு சொன்னா ஊட்டுல பெரிய ரகளையாயிரும். நீங்க வேண்டாம்னு சொல்லிட்டா…" அவள் நிறுத்தினாள். "நீங்க நல்லவரா இருக்கீங்க. அதனாலதான் கேக்கறேன்."

அவன் தலையை ஆட்டினான். "செரிங்க. சொல்லிப்போடறேன்" என்றான். வெளியே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான்.

வீட்டில் முத்தாயம்மாளும் மாரக்காளும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன சாமி, புடிச்சிருக்குதா?"

"வேண்டாங்கத்தை."

"வேண்டாமா! புள்ளைக்கு என்னடா கொறை? மூக்கும் முழியுமா இருக்கறா. ஜாதகம் பத்துக்கு எட்டு பொருந்துது. ஏன் வேண்டாங்கறே?"

"புடிக்கலீங்க. உட்டுருங்க."

"புடிக்கலீன்னு வெறும் வாயில சொன்னா நான் போயி அவங்ககிட்ட என்னன்னு சொல்றது? இத்தனை வருசமா ஒருத்தியும் அமையல. இப்ப வந்ததையும் வேண்டாங்கற அளவுக்குத் தொரைக்கு என்ன வந்துச்சு?"

அந்தக் கேள்விதான் அவனைச் சீண்டியது. இத்தனை வீட்டில் தள்ளிவிட்டார்கள். இதோ இவளும் நல்லவர் என்று சொல்லித் தள்ளிவிட்டாள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கைக்கு வந்திருந்தது, அதுவும் இரவல். அவன் சொன்னான்: "அடக்கம் பத்தாதுங்கத்தை. மொத நாளே என்ற தட்டுல கரண்டிய உட்டு எடுக்குது."

மாரக்காள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அடி ஆத்தீ!"

அப்போதே அதைத் திருத்திச் சொல்லியிருக்கலாம். மிளகாயைத்தான் எடுத்தாள், எனக்குக் காரம் ஏறிவிடக் கூடாது என்று எடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்துபோயிருக்கும். அவன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கிற சாக்கில் கொட்டகைப் பக்கம் நடந்துவிட்டான். பொய் என்று முழுதாகச் சொல்ல முடியாத ஒரு பேச்சைச் சொன்ன திருப்திகூட அவனுக்கு அன்றைக்குக் கொஞ்சம் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பின் வரிசையில் யாரோ பேசியது காதில் விழுந்தது. "சங்ககிரி பாடி பில்டர் தனபால் இல்லீங்களா, அவரு புள்ள. மாப்பிள்ளைப் பையனை அதுவே ஓட்டலுக்கு வரச்சொல்லி, அவன் எச்சத் தட்டுல கையப் போட்டுத் தின்னுச்சாமா. சீமைச் சரக்கும் குடிச்சுதுன்னு சொல்றாங்கொ." இன்னொரு குரல், "ஆஸ்டல்ல உட்டா அப்படித்தானுங்க" என்றது. இலையில் பரிமாறிக்கொண்டே போனார்கள். கதிர்வேலுக்குச் சோற்றில் கை போகவில்லை. திரும்பிப் பார்த்து, அந்தப் பையன் நான்தான், நடந்தது அதுவல்ல என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. குனிந்தபடியே இலையை மூடிவிட்டு எழுந்து போனான்.

மீதியை மாரக்காள் சொன்னாள். அதற்கப்புறம் பார்க்க வருவதாக இருந்த இன்னொரு குடும்பம் பின்வாங்கிவிட்டது. தனபால் மகளை வேலையை விடச் சொல்லி, ஆஸ்டலைக் காலி செய்து சங்ககிரிக்குக் கூட்டிப் போய்விட்டார். "நல்லவேளை, நாம தப்பிச்சோம்" என்றாள் முத்தாயம்மாள். கதிர்வேல் எழுந்து வெளியே போனான். மெட்ராஸ், படிப்பு என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கேட்டது ஒரு சின்ன உதவி. அதைச் செய்கிற சாக்கில் அவள் காலையே வாரிவிட்டிருந்தான்.

ரெண்டு நாள் யோசித்து அவளுக்குப் போன் போட்டான். எடுப்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. எடுத்தாள்.

"நான் கதிர்வேலுங்க. மன்னிப்புக் கேக்கலாம்னுதான்…"

அவள் அவனை முடிக்க விடவில்லை. "என்னை வேண்டாம்னு சொல்லச் சொன்னேன். என்னைப் பத்திச் சொல்லச் சொல்லலையே" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. போனை வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் காலை அவன் சங்ககிரிக்குப் போனான். பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது. பாதி கட்டிய லாரி பாடிக்குப் பக்கத்தில் தனபால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முறைப்படி பார்த்தால் மாமா என்று கூப்பிட வேண்டும். அந்த வார்த்தை வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"ஏனுங்க, நான் நாமக்கல் கதிர்வேலுங்க. உங்க பொண்ணைப் பத்தி எங்க ஊட்டுல சொன்னது தப்புங்க. அவங்க ஒரு தப்பும் பண்ணல. என்ற தட்டுல கெடந்த மொளகாயை, நான் தெரியாம கடிச்சிருவேன்னு எடுத்துப் போட்டாங்க. அவ்வளவுதானுங்க. வேற எதுவும் நடக்கல. நான்தான் வேற மாதிரி சொல்லிப்போட்டேன்."

வெல்டிங்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். தனபால் அவனையே பார்த்தார்.

"எதுக்குச் சொன்னே?"

அவள் கேட்டுக்கொண்டதைச் சொன்னால் அவன் தப்பித்துக்கொள்வான். அவள் மறுபடியும் மாட்டிக்கொள்வாள். "அவங்க எனக்கு ரொம்ப ஒசத்திங்க. எப்படியும் என்னை வேண்டாம்னுதான் சொல்லுவாங்கன்னு தோணுச்சு. அதுக்கு முந்தி நானே சொல்லிப்போட்டேன்." சொல்லி முடித்த பிறகுதான், அதில் பொய் அவ்வளவாக இல்லை என்பது அவனுக்கே உறைத்தது.

தனபால் எழுந்தார். அடித்துவிடுவார் என்று நினைத்தான். அடித்தாலும் தேவலை என்றிருந்தது. "எங்கிட்ட வந்து சொல்லிட்டா ஆச்சா தம்பி? எங்க எங்க பேசினாங்களோ அங்கெல்லாம் போயி இதைச் சொல்லுவியா நீ?"

"சொல்றேனுங்க."

"பாப்பா ஊட்டுக்குள்ளயே கெடக்குது. யாரு மூஞ்சியையும் பாக்கறதில்ல. போ. போயிச் சொல்லு."

முதலில் அம்மாவிடமும் அத்தையிடமும் சொன்னான். மாரக்காள் கத்தித் தீர்த்தாள்: "என்னைய வெச்சு ஒரு புள்ள பேரைக் கெடுத்துட்டியேடா! இனி எவ உனக்குப் பொண்ணு குடுப்பா?" முத்தாயம்மாள் கத்தவில்லை. "மொளகாயையா எடுத்துப் போட்டா?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமாம் என்றதும், அவள் அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

பிறகு குலதெய்வக் கோயில் பொங்கலில், பங்காளிகள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் சொன்னான். திருச்செங்கோட்டுக் கல்யாண வீட்டுக்காரர்களைத் தேடிப் போய்ச் சொன்னான். தெரிந்த தரகர்களிடம் சொன்னான். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர், "உடு தம்பி, அதை எல்லாரும் மறந்தாச்சு" என்று சிரித்தார்கள். அவர்கள் மறக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நல்ல பேச்சு மெதுவாகத்தான் பரவியது. போகப்போக அதுவும் உருமாறியது: கோழிப்பண்ணைக்காரன் அந்தப் பெண்மேல் பைத்தியமாக இருந்தானாம், அவள் முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்றாளாம், அந்தக் கடுப்பில் கதை கட்டினானாம். இதைக் கேட்டபோது கதிர்வேல் மறுக்கவில்லை. அவளுக்கு இது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டான். அதற்குப் பிறகு அவனுக்கு வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு சம்பந்தமும் நின்றுபோயின. முத்தாயம்மாள் ஜாதகக் கட்டைத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

நாளாவட்டத்தில் அவளைப் பற்றிய பேச்சு ஓய்ந்தது. அது அவன் சொன்னதால் சரியானதா, இல்லை தானாகவே ஆறியதா, அவனுக்குத் தெரியாது. சில சமயம் பண்ணையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஞாபகம் வரும். அவள் சிரித்ததுதான் முதலில் வரும்; பின்னாலேயே அத்தையிடம் அவன் சொன்ன வாக்கியம் வந்து நிற்கும். ஒன்றை மட்டும் தனியாக நினைத்துப் பார்க்க அவனால் இதுவரை முடிந்ததில்லை.

அடுத்த வருஷம் ஆடி மாதம், சங்ககிரி பைபாஸில் டீசல் போட நின்றான். பக்கத்துப் பம்பில் தனபாலின் கார் நின்றது. அவர் அவனைப் பார்த்தார். அவன் கும்பிட்டான். அவர் பதிலுக்குக் கும்பிடவில்லை. ஆனால் கண்ணாடியை இறக்கினார்.

"பாப்பா மெட்ராஸ் போயிருச்சு. படிக்குது" என்றார்.

"சந்தோசமுங்க."

அவள் ஏதாவது சொன்னாளா என்று கேட்க நாக்குத் துடித்தது. கேட்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டான். கண்ணாடி மேலே ஏறியது. பின்னால் நின்ற லாரிக்காரன் ஆரன் அடித்ததும், கதிர்வேல் முட்டை வண்டியை எடுத்துக்கொண்டு ஈரோடு ரோட்டில் திரும்பினான்.