அண்ணனின் இரண்டு திதிகள்

என் அண்ணன் கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ப் பனங்காணிக்குள் ஒரு பாழ்கிணறு. அதற்குள்ளிருந்துதான் அவரைத் தூக்கினார்கள். நெற்றியில் துப்பாக்கிச் சூடு. எந்த நாளில் செத்தார் என்று தெரியாததால், உடல் கிடைத்த மாசி அமாவாசையையே திதியாகக் குறித்தார் ஐயர். இலங்கை ஆமி சுட்டது என்றது ஊர். நான் நம்பவில்லை. ஆமி சுட்டால் றோட்டிலேயே போட்டுவிட்டுப் போவான், கிணறு தேடி அலையமாட்டான்.

நான் குடியேறிய நியூ ஜேர்சிக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும், தேத்தண்ணி கொடுக்கும் முன்பே அண்ணனைக் கொன்றது யார் என்று கேட்டுவிடுவேன். வந்தவனை மூச்சுவிட விடு என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். அவருக்கென்ன, செத்தது என் அண்ணன்.

அண்ணனிடம் படித்த ஒருவன் அகதியாக வந்து எங்கள் பேஸ்மென்டில் தங்கினான். எடிசனில் காஸ் ஸ்டேஷன் வேலை. மாஸ்டர் சாகும்போது தான் ஊரிலேயே இல்லை என்று சொல்லியிருந்தான். அண்ணனின் மாணவன் என்பதற்காகவே அவனுக்கு ஒரு அகப்பை கூடப் போடுவேன்.

அந்த மாசியில் திங்கள் சிவராத்திரி, செவ்வாய் திவசம். இரண்டு நாளும் மரக்கறிதான் என்பதால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி சமைத்தேன். வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வந்தவன் சோற்றுக் கோப்பையைக் கையால் மறைத்தான்.

"எனக்கு இறைச்சி வேண்டாமக்கா. இண்டைக்கு மாஸ்டரின்ர திதியெல்லோ."

திதி அமாவாசைக்கு என்றேன். இல்லை, சிவராத்திரிக்கு முதல் நாள் என்று தொடங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். செத்த நாள் கொன்றவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

விடவில்லை, கேட்டேன். தலை நிமிராமல் சொன்னான். காயம்பட்ட இயக்கப் பெடியன்களைப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அண்ணன் ஒளித்து வைத்திருந்தாராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. இயக்கங்கள் ஒன்றையொன்று வேட்டையாடத் தொடங்கியபோது மற்ற இயக்கத்துப் பெடியன்களையும் ஒளித்திருக்கிறார். அவனுடைய இயக்கம் அவரைத் துரோகி என்று முடிவுகட்டியது.

"சுட்டது நீயோ?"

"இல்லையக்கா. கதவைத் தட்டிக் கூப்பிட்டது நான். என்ர குரல் எண்டபடியாத்தான் திறந்தவர்."

கறியைச் சட்டியோடு அவன் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. வெளியே போ என்று மட்டும்தான் வாயில் வந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. பையை எடுத்துக்கொண்டு போனான், நானும் தடுக்கவில்லை. அத்தனை இறைச்சியையும் குப்பையில் கொட்டினேன்.

அடுத்த வருடம் சிவராத்திரிக்கு முதல் நாள் திவசம் செய்யவேண்டும் என்று கோயில் ஐயருக்கு போன் பண்ணினேன். ஏன் திதியை மாற்றுகிறீர்கள், சரியான நாளை யார் சொன்னது என்று கேட்டார்.

அண்ணன் சாகும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார் என்றேன்.