படிவத்தின் பின்பக்கம்

எங்கள் கால்நடை டாக்டரோடு கம்பவுண்டராகப் பத்தொன்பது வருடம் மாரடித்திருக்கிறேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். வேலையில் மட்டும் ஒரு பிடிவாதம். பிரேதப் பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கம் விலங்கின் உருவம் அச்சடித்திருக்கும். கத்தியைத் தொடும் முன் காயங்களை அதில் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுவிடுவார். முன்பக்கத்தைக் கடைசியில்தான் எழுதுவார்.

அன்று வந்தது சிறுத்தை. தோளில் ஒரு குண்டுத் துளை, விலாவில் ஒன்று. இரண்டு வட்டம் போட்டார். அறுத்து முடிப்பதற்குள் போன். ‘சிறுத்தையைக் காப்போம்’ என்று ஊரெல்லாம் பேனர் கட்டியிருந்த வனத்துறை அமைச்சரின் உதவியாளர். சிறுத்தை விழுந்து கிடந்தது அமைச்சரின் மருமகனுடைய தோட்டத்தில். டாக்டர் நின்றபடியே ஏழு முறை “சரிங்க” என்றார். பிறகு முன்பக்கத்தில் ‘விஷம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்பக்கம் அவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் இல்லை.

விஷம் என்றால் வைத்தவன் ஒருவன் வேண்டுமே. பக்கத்து ஆட்டுக்காரனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அவன் மனைவி ஆட்டுக்கு ஊசி போட வந்தவள், டாக்டர் முகத்தைப் பார்க்காமலே போனாள். அவளாவது திட்டியிருக்கலாம் என்று எனக்கு இருந்தது. டாக்டர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஆட்டுக்காரனின் வக்கீல்தான் நீதிமன்றத்தில் தாளைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த விசாரணைக்கு டாக்டரைக் கூப்பிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மறுபடி உதவியாளர் போன்: பேனா தவறிப் பட்டுவிட்டது என்று சொன்னால் போதுமாம். ஓய்வுபெற நான்கு மாதம்தான் இருக்கிறது என்பதையும் அக்கறையாக ஞாபகப்படுத்தினார்.

டாக்டர் கூண்டில் ஏறினார். விஷமா, வட்டமா, எது சரி என்று நீதிபதி கேட்டார்.

“வட்டம்தாங்க. அது போன் வர்றதுக்கு முன்னாடி போட்டது.”

“யாரு போன்?”

டாக்டர் சொன்னார்.

ஆட்டுக்காரன் வெளியே வந்தான். அமைச்சரை மீன்வளத்துறைக்கு மாற்றினார்கள். இப்போது மீன்களைக் காக்கிறார். மறுவாரம் மேலதிகாரி போன் செய்து, டாக்டரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் பதறிப்போய்ப் பார்த்தேன். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.