ஒரு மூச்சுக்குள் ஒரு வசனம்

“சளி துப்பவே ஆள் வேணும். உவள் இனி எங்கை படிப்பிக்கிறது?” என்று பெரியம்மா என் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று சொன்னார். என் உடம்புதான் அசையவில்லை. காது நன்றாகவே கேட்டது.

பண்டத்தரிப்பில் எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். தொண்டர் ஆசிரியையாகச் சேர்ந்த ஐந்தாம் மாதம், சைக்கிளோடு மதகுக்குள் விழுந்தேன். கழுத்து முறிந்து முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) நசிந்தது.

மூச்சு இழுக்க முடிந்தது. இரும முடியவில்லை. இருமலுக்கு வயிற்றுத் தசை வேண்டுமாம்; என்னுடையது ஓய்ந்துவிட்டது. சளி தேங்கினால் நியூமோனியா (நுரையீரல் அழற்சி) வரும். யுத்தத்தால் மின்சாரம் இல்லாத காலம் அது. சளி உறிஞ்சும் இயந்திரத்தை நம்ப முடியாது. என் அம்மாவின் கைகளைப் பிடித்து என் விலாவுக்குக் கீழே வைத்துக் காட்டினார் டொக்டர்.

“பிள்ளை இரும வெளிக்கிடேக்கை உள்ளுக்கும் மேலுக்குமாய்த் தள்ளுங்கோ. சாப்பிட்ட உடனை வேண்டாம்.”

வீட்டில் ஒரு பிழை செய்தோம். மூச்சு முட்டுகிறதென்று தலையணை அடுக்கி இருத்தினார்கள், இன்னும் முட்டியது. நிமிர்ந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு வயிறு முன்னே சரிந்து மூச்சு குறையும். இருத்துவதானால் அகலத் துணியால் வயிற்றைக் கட்டச் சொன்னார் டொக்டர்.

அம்மா மறுத்தார். “பிள்ளை பெத்தவளுக்கெல்லோ வயிறு கட்டிறது. குமர்ப்பிள்ளைக்குக் கட்டினால் சனம் என்ன கதைக்கும்?”

“சனமே அம்மா எனக்கு மூச்சு விடுறது?”

ஐயா, என் தகப்பன், தன் வேட்டியைக் கிழித்து வந்தார். புகையிலைச் சிப்பம் கட்டிய கைகளால் அதை என் வயிற்றில் சுற்றினார்.

“இறுக்கினால் கத்துவாய், பிள்ளை.”

“கத்தத்தானே ஐயா கட்டிறது!”

அன்று ஒரு மூச்சில் ஏழு வரை எண்ணினேன். அதற்குமுன் நான்கு. காலையும் மாலையும் எண்ணினேன். சளி கட்டிய நாட்களில் மூன்றிலேயே நின்றுவிடும், அப்போது அழுதிருக்கிறேன். என்னைப் போலக் கழுத்து முறிந்து கிடக்கும் உங்களுக்கும் அப்படி நிற்கும். மறுநாளும் எண்ணுங்கள்.

நடப்பதற்குக்கூட நான் இவ்வளவு ஏங்கவில்லை. வகுப்பின் கடைசி வாங்கில் (பெஞ்சில்) கதைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பும்படி ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தக் குரல் கனவில் மட்டும் வருகிறது.

இப்போது ஒரு மூச்சில் பதினான்கு வரை எண்ணுகிறேன். என் நாளை மணிக்கூடு அளப்பதில்லை. ஒரு மூச்சுக்குள் முடியும் வசனங்களாகவே யோசிக்கிறேன்.

இரண்டு மூன்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவதாகப் பள்ளிக்கூட அதிபர் இரங்கிச் சொல்லியனுப்பினார். கொஞ்சம் அசையத் தொடங்கிய கையின் விரலோடு பேனையைக் கட்டுவித்து நானே பதில் எழுதினேன்: “முழு வகுப்பையும் தாருங்கள். நான் அங்கே வருகிறேன்.” எழுத்தறியாத ஐயா அதை மடியில் செருகிக்கொண்டு காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்.