ஈக்குப் பூ வளர்த்த பிரேம்நாத்

ஆம்பூரில் நல்ல ஈ கிடைப்பதில்லை என்று குறைப்பட்ட ஒரே மனிதர் பிரேம்நாத். தோல் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தரம் பிரிக்கிறார். மாட்டை எப்போதோ உண்ணி கடித்த தழும்பை ஒரே தடவலில் கண்டுபிடித்து, தோலின்மேல் சாக்பீஸால் ‘ரிஜெக்ட்’ என்று எழுதி, கீழே ‘பி.என்.’ போடுவார். பகலெல்லாம் பூச்சியைத் திட்டுகிறவர், மாலையில் வாடகை வீட்டு மொட்டைமாடியில் ஆறு கும்பிடுபூச்சிகளை டப்பாக்களில் வளர்த்தார். அவற்றின் சாப்பாட்டுக்காகவே சோம்பு, கொத்தமல்லி, துளசி எல்லாம் தொட்டியில் பூத்திருந்தன. பூவுக்கு வரும் ஈயை வலையில் பிடித்துப் போடுவார்.

வீட்டுக்காரம்மா சவுரியம்மாளுக்கு இது பொறுக்கவில்லை.

“ஊரே ஈயை வெரட்டுது, நீ பூ வெச்சுக் கூப்புட்றியா? கீழ வந்து புடிச்சுக்கினு போயேன், இன்னா கொறைச்சல்?”

கீழே, உப்புப் போட்ட பச்சைத்தோலை அடுக்கிவைக்கும் குடோன். தரைத்தளத்தை அதற்கு வாடகைக்கு விட்டிருப்பவரும் சவுரியம்மாள்தான்.

“அது மருந்தடிச்ச தோல்மேல குந்துன ஈ, ஆன்ட்டி. தின்னா செத்துப்பூடும். போன வருசம் ரெண்டு போச்சு.”

“அப்ப என் குடோன் ஈ மட்டமா?”

ஞாயிற்றுக்கிழமைக்குள் தொட்டிகள் இறங்க வேண்டும் என்று உத்தரவானது. பிரேம்நாத் பத்து நாள் கேட்டார். வயிறு பெருத்த ஒரு பெண்பூச்சியைச் சோம்புத் தண்டில் விட்டிருந்தார். அது முட்டையிடும்வரை செடியை அசைக்க அவருக்குப் பயம். சவுரியம்மாளோ, தெருவின் அத்தனை ஈக்கும் இந்தப் பூக்களே காரணம் என்று எழுதி வீடுவீடாகக் கையெழுத்து வாங்கினார். ஒருவர் விடாமல் போட்டார்கள். வீட்டுக்கு ஒருவர் தோல் வேலையில் பிழைக்கும் தெருவில் பூவைக் குறை சொல்வது சுலபம்.

பிரேம்நாத் நிரூபிக்கக் கிளம்பினார். மாடிக் கதவில் ஒன்று, குடோன் கதவில் ஒன்று என்று ஈ ஒட்டும் அட்டை மாட்டினார். மறுநாள் காலை மாடியில் நாலு ஈ. கீழே எண்ணி மாளவில்லை. இருபது வருடக் கை சும்மா இருக்குமா? குடோன் கதவில் ‘ரிஜெக்ட், பி.என்.’ என்று எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பத்து மணிக்குச் சரக்குப் பார்க்க ஒரு வியாபாரி வந்தார். அந்த எழுத்தை அறியாத வியாபாரி அந்தப் பக்கம் கிடையாது. உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினார்.

மாலையில் குடோன்காரர் வேலாயுதம் வாசலிலேயே மறித்தார்.

“யோவ், என் தோலைத் தொட்டுப் பாத்தியா நீ?”

“நான் ஈயைத்தான் எழுதுனேன்பா.”

“ஈக்கு எவன்யா கிரேடு போடுவான்?”

சவுரியம்மாள் புடவையை இழுத்துச் செருகினார். மாடியேறினார்; இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். முதலில் கைக்குக் கிடைத்த சோம்புச் செடியை வேரோடு பிடுங்கினார். தண்டில் இருந்த பெண்பூச்சி முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிமிர்ந்தது.

“பாரு, அதுகூடக் கும்புட்டு மன்னிப்புக் கேக்குது. உனக்குத்தான் திமிரு.”

“கும்புடல ஆன்ட்டி. அடிக்க நிக்குது.”

அடித்தும்விட்டது. சவுரியம்மாள் அலறிச் செடியைப் போட்டார். பிரேம்நாத் பொறுக்கி எடுத்துப் பார்த்தார். தண்டில், காய்ந்த நுரைபோல, முட்டைக்கூடு முழுசாக ஒட்டியிருந்தது.

வேலாயுதம் மற்றத் தொட்டிகளை ஒவ்வொன்றாக மாடியிலிருந்து தள்ளினார். உடைகிற சத்தம் தெருவுக்கே கேட்டது; கையெழுத்துப் போட்ட யாரும் வெளியே வரவில்லை. பிரேம்நாத் ஒரு துணிப்பையும் பூச்சி டப்பாக்களும் அந்த ஒற்றைத் தண்டுமாக தெருமுனையில் நின்ற இன்பராஜின் ஆட்டோவில் ஏறினார்.

“எங்க சார், வேற வூடு பாத்துட்டியா?”

“மொதல்ல மளிகைக் கடைக்கு வுடு. கொத்தமல்லி வெதை வாங்கணும். குஞ்சு வர்றதுக்குள்ள பூக்கணும்.”