ஓரம் உள்ளே மடித்த விரிப்புகள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நான் மேற்பார்வையாளராக இருந்தபோது மடிப்பு மேசையில் ஐவர் நின்றார்கள். நால்வர் ஆளுக்கு மணிக்கு எண்பது படுக்கை விரிப்புகளை மடிப்பார்கள். ஐந்தாமவர் ஐம்பதைத் தாண்டியதே இல்லை. அவருக்கு "ஆமை அக்கா" என்று பெயர் வைத்தவள் நான்தான்.

"ஆமைக்கு ஆயுசு கெட்டிம்மா. உங்க எல்லாரையும் வழியனுப்பிட்டுத்தான் நான் போவேன்" என்று அவர் சிரிப்பார். நடக்க இயலாத தங்கையைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருபவர். ஆயினும் எங்களுள் முதலில் வந்து நிற்பவர் அவரே. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பின்தங்கி நிற்பவர் என்னைவிட மகிழ்ச்சியாக இருக்க என்ன உரிமை என்று எண்ணினேன். இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

ஒவ்வொரு விரிப்பையும் புறங்கையால் ஒருமுறை தடவிய பிறகே அவர் மடிப்பார். தைத்த ஓரம் வெளியே தெரியும்படி மடிப்பதுதான் எங்கள் முறை. அவரோ சிலவற்றை ஓரம் உள்ளே போகும்படி மடித்துத் தனியே அடுக்குவார். ஆறு ஆண்டுகள் அதைக் கண்டும் காணாததுபோல் இருந்தேன். அதற்குச் சகிப்புத்தன்மை என்று நானே பெயரும் சூட்டிக்கொண்டேன்.

சிறந்த பிரிவைத் தேர்ந்தெடுக்க மருத்துவமனைக் கண்காணிப்பாளர் வரவிருந்த நாளன்று காலையில், அந்த அடுக்கு என் கண்ணை உறுத்தியது.

"என்னக்கா இது, உள்ள இருக்கிறது வெளிய, வெளிய இருக்கிறது உள்ள? வீட்ல சட்டையையும் இப்படித்தான் போட்டுக்குவீங்களா?"

நால்வரும் சிரித்தார்கள்.

"அது வந்தும்மா..."

"வந்ததும் வேண்டாம், போனதும் வேண்டாம். நகருங்க."

நானே அந்த அடுக்கிலிருந்த முப்பது விரிப்புகளையும் பிரித்து, ஓரம் வெளியே வர மடித்து, மற்றவற்றோடு கலந்துவிட்டேன்.

நண்பகலில் கண்காணிப்பாளர் அலமாரிகளைப் பார்த்துத் தலையசைத்துக்கொண்டிருந்தார். அப்போது தீக்காயப் பிரிவின் செவிலி படியிறங்கி வந்தார்.

"இன்னைக்கு என்ன எங்களுக்கு மொடமொடன்னு புதுசா அனுப்பியிருக்கீங்க? முதுகு முழுக்கப் புண்ணு அந்தப் பொம்பளைக்கு. படுக்கவே மாட்டேன்னு அழுவுறாங்க. நிறைய தடவை துவைச்சு மெத்துனு ஆனதைத்தான் ஓரத்தை உள்ள மடிச்சு வெச்சிருப்பீங்களே, அதுல ஒண்ணுகூட இல்லையா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்காணிப்பாளர் என் பக்கம் திரும்பினார். "யாரு பார்த்த வேலை இது?"



"என் மேசைதான் சார். இப்பவே பொறுக்கிக் குடுத்துடறேன்" என்றார் அக்கா.

"வேகமாத்தான் செய்ய முடியலை, ஒழுங்காவாவது செய்யக் கூடாதா?" என்று அவரைக் கடிந்துவிட்டுக் கண்காணிப்பாளர் வெளியேறினார். நான் தூணோடு தூணாக நின்றேன்.

அக்கா மலைபோல் கிடந்த குவியலைத் தடவத் தொடங்கியிருந்தார்.

"என்கிட்ட ஏன்க்கா முன்னாடியே சொல்லலை?"

"வந்த முதல் மாசமே சொன்னேனேம்மா. 'கதை வேண்டாம், எண்ணிக்கையைப் பாருங்க'ன்னீங்க."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும். ஆறு ஆண்டுகளாக நான் அவரைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அவர்தாம் என்னைப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய்க் கண்காணிப்பாளரைப் படிக்கட்டில் நிறுத்தினேன். "சார், பிரிச்சுக் கலந்தது நான்தான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இங்க யாருமில்லாத இடத்துல வந்து சொல்றீங்க. திட்டு வாங்கினவங்க அங்கல்ல நிக்கிறாங்க?"

படியிறங்கிய ஒவ்வோர் அடியும் கனத்தது. மடிப்பு மேசையின் முன் நின்று, நால்வரும் செவிலியும் கேட்க, "தப்பு என்னோடது. அக்கா சரியாத்தான் வெச்சிருந்தாங்க. சொல்ல வந்தவங்க வாயை நான்தான் அடைச்சேன்" என்றேன். காலையில் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதுவும் என்னைச் சுட்டது. சிரிக்க வைத்தவள் நான் அல்லவா?

அக்கா நிமிரவில்லை. "சரிம்மா. கையை நல்லாத் துடைச்சுட்டு வந்து இந்தப் பக்கம் தடவிப் பாருங்க. இன்னும் பதினொண்ணு வேணும். மேல அந்தம்மா படுக்காம நின்னுக்கிட்டே இருக்காங்களாம்."

அவரைப் போலவே புறங்கையால் தடவினேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. வெகுநேரம் தடவி மூன்றை எடுத்து நீட்டினேன். அக்கா அவற்றைத் தொட்டுப் பார்த்து, இரண்டைக் குவியலிலேயே திருப்பிப் போட்டார்.